செவ்வாய்க்கு ஒரு வேல்: இந்திய மருந்தியல் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஓக்லாவில் உங்கள் அலுவலகம் இருக்கிற கட்டிடத்துக்கும் ஜங்புராவில் என் வீட்டுக்கும் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. நேரிலேயே வந்திருக்கலாம். ஆனால் அப்பாவைப் பற்றி வாயைத் திறந்தால் நாலாவது வாக்கியத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். இதைத் தமிழில் எழுதக் காரணம், படிக்க வேண்டிய பலர் தமிழில்தான் படிப்பார்கள்: மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகள், கவுண்டருக்கு முன்னால் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். ஆங்கிலப் பிரதி ஒன்று தபாலில் உங்களுக்கு வரும்.

என் அப்பா திருச்சி மாவட்டம் துறையூரில் 1971 முதல் 2017 வரை மருந்துக்கடை வைத்திருந்தார். டிப்ளமா படித்த, பதிவு பெற்ற மருந்தாளுநர். ஊரில் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'மருந்துக்கடை அய்யா' என்பார்கள். வயதானவர்கள் கடைசி வரை 'கம்பவுண்டர்' என்றே கூப்பிட்டார்கள். அம்மா போன அடுத்த வருடம் கடையை மூடிவிட்டுத் தில்லிக்கு என்னிடம் வந்தார். 2024 ஜனவரியில், இங்கே குளிர் உச்சத்தில் இருந்த ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 79.

மாநிலப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கச் சொல்லி நான்தான் எழுதினேன். இறப்புச் சான்றிதழ் நகல், பதிவுச் சான்றிதழ், நாலு வரிக் கடிதம். அவ்வளவுதான் வேலை. அதற்காகப் பழைய ஃபைலை எடுத்தபோதுதான் பார்த்தேன், கடையை மூடிய பிறகும் பதிவைப் புதுப்பித்த ரசீது இருக்கிறது. என் வீட்டு பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டு, யாருக்கும் ஒரு மாத்திரைகூட விற்காமல் உட்கார்ந்திருந்த மனிதர், மாடி வீட்டுப் பையனிடம் பணத்தைக் கொடுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் எதற்கு என்று கேட்டானாம். "பேரு அதுல இருக்கட்டும்ப்பா, நான் படிச்ச படிப்பு அது" என்று சொன்னாராம்.

நான் நீக்கச் சொன்னது பெயரை. அந்தப் பெயருக்கு உரியவர் நாற்பத்தாறு வருடம் என்ன வேலை செய்தார் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். சொல்லி முடித்த பிறகு உங்களிடம் ஒன்று கேட்கவும் இருக்கிறது.

பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. பெயர்ப்பலகையில் அம்மாவின் பெயர். எனக்கு விவரம் தெரிந்த வயதில் அப்பா மிக்சர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்ட, காகிதப் பட்டையை மடித்து ஓரத்தில் கத்தரித்தால் பல் பல்லாக வரும். ஒரு பல் ஒரு வேளை. சனிக்கிழமைகளில் அதை வெட்டித் தருவது என் வேலை. பல் ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் போய்விட்டால் அப்பா அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். திட்டமாட்டார். "இந்த இடத்துல குடிக்கிறவங்களுக்கு மருந்து கம்மியாப் போயிடும்மா" என்று அந்தச் சின்னப் பல்லைத் தொட்டுக் காட்டிவிட்டு வேறு காகிதம் தருவார்.

பச்சைமலையிலிருந்து இறங்குகிற பஸ் வந்துவிட்டால் கடை வாசல் நிறைந்துவிடும். டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்தும் சுற்றுப்பட்ட மலைக் கிராமங்களிலிருந்தும் மரவள்ளிக் கிழங்கு விற்க வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு அவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காக அப்பா மாத்திரைக் கவரின் மேல் படம் போடுவார். காலை என்றால் மலைக்குப் பின்னாலிருந்து எழும் பாதிச் சூரியன். மதியத்துக்கு முழுச் சூரியன். ராத்திரிக்குப் பிறை. அதற்குக் கீழே எத்தனை கோடோ அத்தனை மாத்திரை. சாப்பிடும் முன் என்றால் வெறும் தட்டு. சாப்பிட்ட பின் என்றால் தட்டில் ஒரு குவியல் சோறு. வரைந்து முடித்ததும் கவரை உடனே நீட்டிவிட மாட்டார். "எங்கே, எனக்குத் திருப்பிச் சொல்லு" என்பார். அவர்கள் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் கவர் கை மாறும். சொல்வதில் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அப்பா காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்க வருகிற தாய்மார்களிடம் அந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார். "முழுப் பொட்டலம், முழு பாட்டில். டம்ளர்ல போட்டுக் கலக்கிடாத. பாதிப் பொட்டலத்தைப் போட்டுட்டு மீதியை மடிச்சு வைக்காத." பொட்டலம் பெரிதாக இருக்கிறது, தண்ணீரைக் குறைத்தால் மருந்து நன்றாக வேலை செய்யும் என்று நினைத்துக் கெட்டியாகக் கரைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. குழந்தையின் உடம்பில் உப்பு ஏறிவிடும்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் இன்னொரு கண்டிப்பு. சொட்டு மருந்து கேட்டால் அளந்து கொடுக்கிற ஃபில்லர் உள்ளே இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார். பாரசிட்டமால் சிரப்பில் ஐந்து மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும், 250 இருக்கிற சிரப்பும் உண்டு. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100. இரண்டையும் ஒன்று என்று நினைத்து சொட்டு மருந்தை ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தால் கைக்குழந்தைக்குப் பெரியவர்களின் முழு மாத்திரை அளவு, 500 மில்லிகிராம், போய்விடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பத்தாம் வகுப்பு வீட்டுப்பாடத்தைக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா நூறு தடவை சொல்லக் கேட்டு மனதில் ஏறியது.

அட்டையிலிருந்து நாலு மாத்திரை வெட்டிக் கொடுப்பதென்றால், காலாவதித் தேதி அச்சடித்த பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுவது கடைக்காரர்கள் வழக்கம். அப்பாவும் அப்படித்தான் வெட்டுவார். கூடவே அந்தத் தேதியைக் கவரில் எழுதிவிடுவார். 2012-ல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மின்வெட்டு நாளில் பாதிக்கு மேல் இருந்ததே, அப்போது இன்சுலினுக்காக ஐஸ் பெட்டி வாங்கி வைத்து, காலையும் மாலையும் ஐஸ் மாற்றினார். ஒருநாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் கடை திறக்க நேரமாகிவிட்டது. பெட்டியைத் திறந்தபோது ஐஸ் முழுவதும் உருகி வெதுவெதுப்பாகியிருந்தது. இன்சுலின் கெடுவதற்கு எட்டு டிகிரிக்கு மேல் எத்தனை மணி நேரம் வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் போட்டுப் பார்க்கவில்லை. அத்தனை குப்பியையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். பெட்டியில் இருந்த சரக்கு அந்த மாத வருமானத்தில் பெரும்பகுதி. அன்று ராத்திரி வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் பிறகு எனக்குப் போனில் சொன்னார்.

அரசாங்கம் ஒன்றைத் தடை செய்தால் மறுநாள் காலை அலமாரியில் அது இருக்காது. 2011-ல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து கூடாது என்று வந்தபோதும், 2016 மார்ச்சில் பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோதும் அப்படித்தான். வழக்கு, தடையாணை என்று அவை பிறகு நீதிமன்றத்துக்கு இழுபட்டதெல்லாம் வேறு கதை. 2014 மார்ச்சிலிருந்து, சில ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் அடங்கிய எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆனதும் நீள நோட்டில் தானே கோடு போட்டுக்கொண்டார். மருத்துவர் பெயர் முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை. மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. அந்த நோட்டுகள் இப்போதும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

கடை இப்படி என்றால் வீடும் இப்படித்தான். மதியம் ஒன்றரைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள்கூடத் தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்திவிட்டு வந்ததும், சட்டையைக் கழற்றுவதற்கு முன், அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்துப் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு. வெடிப்பு, கொப்புளம், சிவப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குளிக்கப் போவார். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போகும், முள் குத்தினால்கூடத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அதை ஏதோ பூஜை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அது ஒரு நாள் விடாமல் நடந்தது. 2016-ல் அம்மா மாரடைப்பில் போனபோது பத்து விரலும் பழுதில்லாமல் இருந்தன. அன்றைக்கும் கடைசியாக ஒருமுறை அந்தப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

1993-ல் மத்திய அரசு வேலை கிடைத்து நான் தில்லிக்கு ரயிலேறியபோது ஒரு மருந்துப் பை கொடுத்தார். காய்ச்சல், வயிறு, சளி, தலைவலி என்று தனித்தனிக் கவர்; ஒவ்வொன்றிலும் எப்போது சாப்பிட வேண்டும் என்பதைவிட எப்போது சாப்பிடக் கூடாது என்பது பெரிய எழுத்தில். அடுத்த வருடங்களில் அவர் கடிதங்கள் இப்படித்தான் தொடங்கும்: "உன்னிடம் உள்ள காய்ச்சல் மாத்திரை ஜூனில் முடிகிறது, தூக்கிப் போட்டுவிடு, புதிது அனுப்பியிருக்கிறேன்." நலமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வரும். என் பையில் இருக்கிற மாத்திரை எந்த மாதம் காலாவதியாகும் என்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. விடுதித் தோழிகளிடம் காட்டிச் சிரித்திருக்கிறேன். அந்தக் கடிதங்களில் மூன்றுதான் இன்று என்னிடம் மிச்சம் என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவார்கள். டிப்ளமா முடிப்பவர்கள் 500 மணி நேரம், மூன்று மாதத்துக்குக் குறையாமல் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து வழங்கும் வேலையிலேயே இருக்க வேண்டும். உங்கள் விதிதான். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். முதல் மாதம் ராக்கில் எது எங்கே என்று பழகுவது. இரண்டாம் மாதத்திலிருந்து பக்கத்தில் நின்று பேச வேண்டும். "எடுத்துக் குடுக்க ராக்கு தெரிஞ்சாப் போதும்டா. சொல்லிக் குடுக்க ஆளு தெரியணும்" என்று அவர்களிடம் சொல்வார். எதிரே நிற்கிறவர் ராத்திரி வேலைக்குப் போகிறவரா, கண் சரியாகத் தெரிகிறதா, வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று விசாரிக்காமல் கவரை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். பதினான்கு பேர் அவரிடம் வந்தார்கள். பதினோரு பேருக்குக் கையெழுத்துப் போட்டார். மீதி மூன்று பேர் வராமலே கையெழுத்துக் கேட்டவர்கள். ஒருவருக்காக ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரே வீட்டுக்கு வந்து பேசினார். காபி கொடுத்து அனுப்பினார் அப்பா, கையெழுத்துப் போடவில்லை.

கடையை மூடிய மாதம் ஒரு ஆள் வந்தார். உங்க சான்றிதழ் சும்மாதானே இருக்கு, எங்க கடையில மாட்டிக்கிறோம், நீங்க வரவே வேணாம், மாசாமாசம் பணம் வீடு தேடி வரும் என்றார். அப்பா கோபத்தில் கை நடுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "என் பேரைச் சொவத்துல மாட்டிட்டு யாரோ மருந்து குடுப்பான். யாராச்சும் செத்தா, கொன்னது நான்தானே?" என்றார். மருந்தியல் சட்டம் 1948-ன் 42-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்துச் சீட்டுக்கு மருந்து வழங்கக் கூடாது என்கிறது. நாடு முழுக்கச் சுவரில் தொங்குகிற சான்றிதழ்களில் எத்தனைக்குச் சொந்தக்காரர்கள் அந்தக் கடையில் நிற்கிறார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி தில்லியில் நடந்தது. இந்த மடலை எழுத வைத்ததே இதுதான்.

எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் மதராசி கேம்ப்பிலிருந்து வருவார். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி அது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். இந்தி பேசுவார், எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. 2019 செப்டம்பரில் கை மூட்டெல்லாம் வீங்கி வலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், முடக்குவாதம் என்று மருந்து எழுதி வாங்கி வந்தார். ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தவருக்கு நான் கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை. வாயெல்லாம் புண். காரம் சாப்பிட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். அப்பா பால்கனியிலிருந்து எழுந்து வந்தார். "என்னம்மா மாத்திரை சாப்பிடுற? எடுத்துட்டு வா பாப்போம்."

மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டிய மாத்திரை. சீட்டில் மருத்துவர் வாரம் ஒருமுறை என்று ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். அட்டையில் ஆறு குழி காலி. அப்பா ஒவ்வொன்றாக விரலால் தடவி எண்ணியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். "ரோஜ் ஏக்" என்றாராம் அங்கிருந்த பையன். தினம் ஒன்று. இவர் சொன்னதைத் தவறாமல் கேட்டு ஆறு நாள் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும். முதலில் வாய்ப்புண்ணாக வெளியே தெரியும், பிறகு காய்ச்சல், பிறகு ஆளே போய்விடலாம். அரை மணி நேரத்தில் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்தோம். அப்பா சீட்டையும் அட்டையையும் பணியில் இருந்த இளம் மருத்துவரிடம் கொடுத்து, எனக்குத் தெரியாத ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். அந்தப் பெண் உடனே எழுந்துவிட்டார். ரத்த அணுக்கள் அபாயமாகக் குறைந்திருந்தன. மெத்தோட்ரெக்சேட்டின் பாதிப்பை முறிக்கிற ஃபோலினிக் அமில ஊசி போட்டார்கள். பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த மருத்துவருக்கு நானும் என் குடும்பமும் கடன்பட்டிருக்கிறோம்.

அதன் பிறகு அப்பா அந்த மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்றார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் கோபத்தோடுதான் போனேன். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தது. அந்தப் போட்டோவில் இருந்தவர் கடையில் இல்லை. இருந்தது பத்தொன்பது இருபது வயதுப் பையன் ஒருவன், பீகாரிலிருந்து வந்து ஏழு மாதம். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அப்பா அவனைத் திட்டவில்லை. ஸ்டூலில் உட்காரச் சொன்னார். தமிழில் சொல்லச் சொல்ல நான் இந்தியில் சொன்னேன். வாரம் ஒருமுறை சாப்பிடுகிற மாத்திரை என்றால் எந்தக் கிழமை என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தால் எண்ணி நாலு வேளைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். முழு அட்டையைக் கொடுத்தால் தினம் சாப்பிடத்தான் தோன்றும். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பையன் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவனுக்கு இதை யாரும் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியவர் சுவரில் மட்டும் இருந்தார்.

உடம்பு தேறி எங்கள் வீட்டு வேலைக்குத் திரும்பிய அந்தப் பெண்ணிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வாரத்துல எந்த நாளை நீ மறக்கவே மாட்டே?" என்பது. செவ்வாய், என்றார் அவர். செவ்வாய்தோறும் சாயங்காலம் முருகன் படத்துக்கு விளக்கேற்றுவாராம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மருந்தை மறுபடி தொடங்கியபோது, அப்பா காக்கிக் கவர் ஒன்றை எடுத்து அதில் ஒரு வேல் வரைந்தார். வேலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. கீழே ஒரே ஒரு கோடு. கூடவே சாப்பிட வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரைக்கு வேறு நாள், வேறு படம், வேறு நிறக் கவர்.

2021 ஏப்ரலில் கொரோனாவில் இந்த ஊர் பட்ட பாட்டில், தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அப்பாவின் போனுக்கு மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவர் யாருக்கும் மருந்து சொல்லவில்லை. சீட்டில் இருப்பது என்ன என்று விளக்கினார். முதலில் "காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சது?" என்பார். இரண்டாம் நாளே யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு வாங்கி வைத்திருந்தவர்களை, மருத்துவர் சொல்லாமல் தொடாதே என்று தடுத்து, ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வைத்தார். எழுபத்தாறு வயதில் காதில் போனை வைத்தபடி தூங்கிப்போன ராத்திரிகள் உண்டு.

இப்போது நான் கேட்க வந்தது.

2015-ல் நீங்கள் கொண்டுவந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகளைப் படித்தேன். மருந்தாளுநர் நோயாளியிடம் என்னென்ன பேச வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது: மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எப்படி வைத்துக்கொள்வது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பது வரை. துறையூர்க் கவுண்டரில் அப்பா செய்ததைப் பார்த்து எழுதியது போல இருந்தது. எழுத்தில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. அந்த எழுத்து கவுண்டருக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் மனக்குறை.

அது வந்து சேர வேண்டுமானால் படிக்கிற காலத்திலேயே வந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். டிப்ளமா முடிக்கிற ஒவ்வொருவரையும், படிக்கத் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார வையுங்கள். அந்த ஊர் மொழியில், ஆங்கிலச் சொல் இல்லாமல், ஒரு மருந்துச் சீட்டை விளக்கச் சொல்லுங்கள். விளக்கி முடித்ததும் மதிப்பெண்ணை மாணவரைப் பார்த்துப் போடாதீர்கள். எதிரே இருப்பவரிடம் "எங்கே, திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் மாணவர் தேர்ச்சி. 500 மணி நேரப் பயிற்சிக்குக் கையெழுத்துப் போடுகிறவர், வழங்கிய மருந்துகளில் ஒரு இருபதையாவது மாணவர் எப்படி விளக்கினார் என்று நோட்டில் எழுதித் தரட்டும். வராதவர்களுக்குக் கையெழுத்துப் போடுவது அப்போது கொஞ்சம் கடினமாகும்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச மருந்தியல் கூட்டமைப்பு இப்படிப் படக்குறிகளை உருவாக்கி வைத்திருக்கிறது. நம் நாட்டுக்கென்று ஒரு தொகுதி வேண்டும்: நம் தட்டு, நம் விளக்கு, நம் சூரியன். இங்கே ஜங்புராவில் தமிழ்ப் பெண் இந்திக் கடையில் நிற்கிறார் என்றால், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடியாப் பையனும் பீகார்ப் பையனும் தமிழ்க் கடையில் அதே மாதிரி விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு சூரியனும் ஒரு பிறையும் எல்லாருக்கும் புரியும். அதையும் வாயால் சொல்லி, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருப்பார். படம் பேச்சுக்குத் துணை.

2025 ஜூன் 1 அன்று, நீதிமன்ற உத்தரவுப்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்த இடம். தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நகரின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் வீடு. எங்கள் வீட்டில் வேலை செய்தவர் குடும்பத்துக்குக் கிடைத்தது. அவர் தங்கைக்குக் கிடைக்கவில்லை. அங்கிருந்து ஜங்புராவுக்கு வேலைக்கு வர முடியாது என்பதால் நின்றுவிட்டார்.

போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. சாப்பிட்டு முடித்ததும் சேலை முடிச்சிலிருந்து அந்தக் காக்கிக் கவரை எடுத்தார். ஆறு வருடமாக, ஒவ்வொரு முறை புது மாத்திரை வாங்கும்போதும் கடைக் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு இதில்தான் போட்டு வைத்துக்கொள்கிறார். மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, அதுவும் மஞ்சளாகிவிட்டது.

"அக்கா, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

வரைந்தேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அய்யா போட்ட வேலு கூர்ப்பா இருக்கும்." மறுபடி வரைந்தேன். மூன்றாவதாக வரைந்ததை வாங்கி மாத்திரைகளை மாற்றிப் போட்டுக்கொண்டார். பழைய கவரை என்னிடம் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. நாலாக மடித்து முடிச்சிலேயே வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, "எங்கே, எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்றேன்.

"செவ்வாக்கெழமை. வெளக்கேத்துன பொறவு. ஒண்ணே ஒண்ணு" என்றார்.

இப்படிக்கு,
துறையூர் மருந்துக்கடைக்காரரின் மகள்
ஜங்புரா, புது தில்லி
25 செப்டம்பர் 2025, உலக மருந்தாளுநர் நாள்